இரைச்சலும் இசையாகும்

கெடா மாநிலத்தின் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுந்திருந்த காலத்தில், அதிகாலையில் பெரட்டு மணி ஒலிக்கும். பின்னர், உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக்கும் உருளைகள் கடகடக்கும். லாரிகள் உறுமும். இத்தகைய ஒலிகளை நாம் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், இரைச்சலைக் கொண்டே இசையமைத்தவர்கள் உலகில் உள்ளனர்.

இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ, தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகிய காலத்தில் இரைச்சலும் இசைக்கு உரியதே என்று 1913ஆம் ஆண்டில் எழுதினார். இரைச்சல் எழுப்பும் கருவிகளையும் செய்தார். 1976இல் இங்கிலாந்தில் தோன்றிய இண்டஸ்டிரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தால், ‘தொழிற்சாலை இசை’ என்ற பெயர் பரவியது.

இவ்வகை இசைக்குப் பெரிதும் பயன்படும் கருவி மாடுலர் சிந்தசைசர். இது தனித்தனிப் பகுதிகளைக் கம்பிகளால் இணைத்து இயக்கும் மின்னணுக் கருவியாகும். இதிலுள்ள அலையியற்றி சுரத்தை உண்டாக்கும். இரைச்சலாக்கி, எல்லா அலைவெண்களும் கலந்த ‘வெள்ளை இரைச்சலைத்’ தரும். அது தகரக் கூரைமீது கொட்டும் மழையோசையை ஒத்திருக்கும். வடிகட்டி வேண்டாத அலைவெண்களை நீக்கும். பெருக்கி ஒலியளவைக் கூட்டும், குறைக்கும்.

ஒரு பகுதியின் மின்னழுத்தம் மற்றொரு பகுதியை ஆட்டுவிப்பதே இக்கருவியின் சிறப்பு. எடுத்துக்காட்டாக, வெள்ளை இரைச்சலை வடிகட்டியின் வழியே செலுத்தி, மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தால் அவ்வடிகட்டியை இயக்கினால் கடலலையின் ஓசை கேட்கும். பெருக்கியைச் சீரான இடைவெளியில் திறந்து மூடினால், அதே இரைச்சல் நீராவி இயந்திரத்தின் மூச்சாக மாறும். மூலப்பொருள் ஒன்றே, அதை ஒழுங்குபடுத்தும் முறையே வேறு.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964இல் இத்தகைய சிந்தசைசரை உருவாக்கினார். ஐந்தே ஆண்டுகளில் அது இந்தியாவை எட்டியது. 1969இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் சிந்தசைசருடன் ஓர் ஒலிக்கூடத்தை அமைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு மின்னணு இசை படைத்தனர். மாத்தூர் தம் படைப்பு ஒன்றுக்கு ‘என் பறவைகள்’ என்று பெயரிட்டார்.

எனினும், அவர்களின் ஒலிநாடாக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கழகத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டன் நாட்டுக் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 1969 முதல் 1972 வரையிலான அப்பதிவுகள் 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அதுவரை, உலக மின்னணு இசை பற்றிய பேச்சில் இவர்களுக்கு உரிய இடம் கிட்டவில்லை. நாடாக்கள் அழிந்திருந்தால் அந்த இடம் என்றுமே கிட்டியிராது.

இயந்திரம் ஒலியைத் தரும். அதைத் தேர்ந்து, கோத்து, இசையாக்குவது மனிதனே. அதற்கு முதலில் ஒலி காக்கப்பட வேண்டும். இன்று தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே உருளைகளின் ஓசை இல்லை. எஞ்சியுள்ள ஒலிகளைக் கைப்பேசியில் பதிவுசெய்து, இடத்தையும் நாளையும் குறித்து வைக்கலாம். இன்று நாம் இரைச்சல் என்று ஒதுக்குவது, நாளை ஓர் இசையமைப்பாளருக்கு மூலப்பொருளாகக் கூடும்.