மனச்சோர்வுக்குக் கடல்பாசி மருந்தாகுமா?

கடல்பாசி நம் விவசாயிகளுக்குப் புதிய பொருள் அல்ல. மன்னார் வளைகுடாவில், மண்டபம், ராமேசுவரம் பகுதிகளில் மீனவப் பெண்கள் இதைச் சேகரித்து வருகிறார்கள். பாசியின் சாறு பயிர் ஊக்கியாக வயலில் தெளிக்கப்படுகிறது. கடலோரக் கிராமங்களில் கஞ்சிப்பாசியைக் காய்ச்சிக் குடிப்பதும் உண்டு. நோன்புக் காலத்தில் பல வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் பாசியிலிருந்து எடுத்த பொருளால் ஆனதே.

கடல்பாசி உண்டால் மனக்கவலை தீரும், மூளை பலப்படும் என்ற பேச்சும் இப்போது பரவி வருகிறது. பணம் கொடுத்துப் பொடியும் மாத்திரையும் வாங்கும் முன், இதில் எவ்வளவு உண்மை உள்ளது என்று அறிந்துகொள்வது நல்லது.

ஜப்பானில் கண்டது

உலகில் கடல்பாசியை அன்றாட உணவாகக் கொண்ட நாடுகளில் ஜப்பான் முக்கியமானது. நோரி, வக்காமே, கோம்பு என்ற மூன்று வகைகளை அங்கு அதிகம் உண்கிறார்கள். அந்நாட்டின் கியூஷூ, ஒகினாவா பகுதிகளில் 1,745 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2014ல் வெளியானது. பாசி அதிகம் உண்டவர்களிடையே மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன. வயது வந்தோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறோர் ஆய்வும் 2019ல் இதே போக்கைக் காட்டியது.

ஆயினும் இதைக் கொண்டு பாசிதான் மனச்சோர்வைத் தடுத்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு விவசாயி ஒரே பருவத்தில் புது விதை விதைத்து, தொழு உரமும் கூடுதலாக இட்டு, தண்ணீரும் தட்டின்றிப் பாய்ச்சினால் மகசூல் உயரும். அது எதனால் உயர்ந்தது என்று சொல்ல, பக்கத்தில் ஒப்பீட்டுக்கு ஒரு பாத்தி வேண்டும். பாசி அதிகம் உண்பவர்கள் மீன், சோயா, காய்கறி ஆகியவற்றையும் நன்றாக உண்பவர்களாக இருக்கலாம். ஆகவே மேற்கண்ட ஆய்வுகள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, மருந்து என்று நிரூபிக்கவில்லை.

அயோடினும் மனமும்

பாசிக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பில் தெளிவாக விளங்கும் ஒரு வழி அயோடின் சத்து ஆகும். 1811ல் பிரான்சு நாட்டின் குர்துவா என்பவர் கடல்பாசிச் சாம்பலிலிருந்துதான் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தார். கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டே தன் சுரப்புநீரைத் தயாரிக்கிறது. இது குறைந்தால் உடல் சோர்வு, மந்தம், மறதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவற்றுடன் மனச்சோர்வும் வரும்.

1949ல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், மனநோயாளிகளாகக் கருதப்பட்ட 14 பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்ததை எடுத்துக்காட்டினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தெளிவடைந்தனர்.

மழை நீர் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுவதால், பல இடங்களில் விளையும் தானியத்திலும் காய்கறியிலும் இச்சத்து குறைவாக உள்ளது. இமயமலை அடிவாரத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956ல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினர். அயோடின் கலந்த உப்பு வழங்கிய பகுதிகளில் முன்கழுத்துக் கழலை குறைந்தது. ஒப்பீட்டுக்காகச் சாதாரண உப்பு வழங்கிய பகுதியில் அவ்வாறு குறையவில்லை. இங்கே ஒப்பீட்டுப் பாத்தி இருந்தது. முடிவும் ஐயமின்றி அமைந்தது. 1962ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

அளவு மிஞ்சினால்

வயது வந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. உலர்ந்த நோரி ஒரு கிராமில் சில பத்து மைக்ரோகிராம் இருக்கும். கோம்பு ஒரு கிராமிலோ 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். மிகுதியான அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ கடற்கரையில் பாசியை மிக அதிகமாக உண்ட மக்களிடையே கழலை நோய் இருந்தது 1965ல் வெளியிடப்பட்டது. யூரியா கூடினால் பயிர் சாய்வது போன்றதே இது.

பாசி, கடல்நீரில் உள்ள நஞ்சுகளையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஹிஜிகி என்ற பாசியில் ஆர்செனிக் அதிகம் இருப்பதால் அதை உண்ண வேண்டாம் என 2004ல் பிரிட்டன் அரசு அறிவுறுத்தியது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சிறு விவசாயக் குடும்பத்துக்குப் பாசிப் பொடி தேவையில்லை. அயோடின் கலந்த உப்பே போதுமானது. உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கவும். இத்தகைய உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

2. தென்னைக்கும் மாட்டுக்கும் வாங்கி வைத்த உப்பைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள்.

3. உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்கும் ஈரத்துக்கும் எட்டத் தள்ளி வைக்கவும். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புச் சேர்த்தால் சத்து அதிகம் வீணாகாது.

4. அயோடின் வேண்டும் என்று உப்பைக் கூட்ட வேண்டாம். ரத்தக் கொதிப்பு வரும். பால், முட்டை, கடல் மீன் ஆகியவற்றிலிருந்தும் இச்சத்து கிடைக்கும்.

5. உரக்கடையில் விற்கும் கடல்பாசிச் சாறும் குருணையும் பயிருக்கு மட்டுமே உரியவை. எக்காரணம் கொண்டும் அவற்றை உட்கொள்ளக் கூடாது.

6. தைராய்டு மாத்திரை உண்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பாசிப் பொடி உண்ணக் கூடாது.

மனச்சோர்வு கண்டால்

மழை பொய்த்தாலும் கடன் ஏறினாலும் எவருக்கும் கவலை வருவது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, வயலுக்குப் போகவே மனமின்றி, வாழ்க்கையே வெறுத்துப் பேசும் ஒருவர் வீட்டில் இருந்தால் அது நோய் என்று உணர வேண்டும். அவருக்குப் பாசிப் பொடி வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. தைராய்டுக் குறைபாட்டை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுகொள்ளலாம். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கும் இக்குறைபாடு வருவதுண்டு. அதற்கு மாத்திரைதான் மருந்து, பாசி அல்ல. பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தால், மனச்சோர்வுக்கே உரிய சிகிச்சை உண்டு.

அரசு மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். பயிரில் நோய் கண்டவுடன் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைத் தேடிச் செல்லும் விவசாயி, வீட்டில் ஒருவர் மனம் வாடும்போதும் அதே விரைவைக் காட்ட வேண்டும்.