நீரின்மேல் எழும் பலகை

நுழையும் முன்

கல்லாற்றின் கரையில் தட்டையான கூழாங்கற்கள் நிறையக் கிடக்கும். பெரியவர்கள் உடனிருக்கும்போது அவற்றுள் ஒன்றை எடுத்து, நீர்ப்பரப்பை ஒட்டி வேகமாக வீசிப் பாருங்கள். கல் உடனே மூழ்காது. மூன்று நான்கு முறை தத்திச் சென்று, வேகம் குறைந்த பின்னரே மூழ்கும். நீரைவிடக் கனமான கல்லை அதுவரை மூழ்காமல் காத்தது எது? அதன் வேகம்தான். வேகத்தின் துணையால் நீரின்மேல் எழும் ஒரு பலகையைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

அலையும் பலகையும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில் உள்ளது கல்லாறு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் இவ்வாறு, வாமனபுரம் ஆற்றோடு கலந்து அரபிக் கடலை நோக்கிச் செல்கிறது. அக்கடலின் கரையில் வர்க்கலை, கோவளம் ஆகிய இடங்களில் இளைஞர்கள் பலகைமேல் நின்று அலைச்சறுக்கு ஆடுவதை நீங்கள் கண்டிருக்கலாம். இவ்விளையாட்டில் இப்போது புதிய பலகை ஒன்று வந்துள்ளது. அது அலையைத் தொட்டுக்கொண்டு சறுக்குவதில்லை; நீர்ப்பரப்பிற்கு மேலே எழுந்து, பறவைபோல் செல்கிறது.

நீருக்கடியில் ஓர் இறக்கை

இப்பலகையின் அடியில் ஒரு தண்டு நீரினுள் இறங்குகிறது. தண்டின் முனையில் விமான இறக்கை போன்ற சிறிய இறக்கை உள்ளது. இதனை ஹைட்ரோஃபாயில் என்பர். பலகை விரைந்து செல்லும்போது, இறக்கை தன்னைச் சுற்றி ஓடும் நீரைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நீர் இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் சிறிய இறக்கையே ஒரு மனிதரைத் தாங்கப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும்.

இக்கருத்து புதியதன்று. இத்தாலியப் பொறியாளர் என்ரிகோ ஃபோர்லானினி 1906ஆம் ஆண்டில் இறக்கை பொருத்திய படகை மாஜோரே ஏரியில் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார். தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல்லின் குழுவினர் கனடாவில் உருவாக்கிய படகு, 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

தொடக்கமே கடினம்

பலகை எழும் வரை அதன் அடிப்பரப்பு முழுவதும் நீரில் உராய்கிறது. அப்போதுதான் மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. எழுந்துவிட்டால், தண்டும் இறக்கையும் மட்டுமே நீரில் இருக்கும். தடை பெரிதும் குறையும். பிறகு, சிறிய அலைகூடப் பலகையை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். எனவே, முதற்சில நொடிகளைக் கடப்பதே சிக்கல்.

இச்சிக்கலைத் தீர்க்க இருவகை மின்பலகைகள் உள்ளன. முதல் வகையில் மின்மோட்டார் பயணம் முழுவதும் இயங்கும். அதற்குப் பெரிய மின்கலம் வேண்டும். இரண்டாம் வகையில் மோட்டார் ஒரு துணை மட்டுமே. தண்டில் சிறிய மோட்டாரும், பலகையின்மேல் நீர் புகாத உறையில் மின்கலமும் பொருத்தப்படும். ஆடுபவர் கையிலுள்ள கருவியை அழுத்தியதும் மோட்டார் சுழன்று பலகையை உந்தும். பலகை எழுந்து அலையைப் பற்றியதும் அவர் அழுத்துவதை விட்டுவிடுவார், மோட்டார் நின்றுவிடும். அதன்பின் சுமந்து செல்வது அலையே. மோட்டார் சிறிது நேரமே இயங்குவதால் சிறிய மின்கலமே போதும், பலகையும் கனக்காது.

கட்டுமரம் சொல்லும் செய்தி

நம் முன்னோர் இவ்வுத்தியை அறியாதவர் அல்லர். கரையருகே அலைகள் உடையும் இடத்தைக் கடப்பதே கட்டுமரக்காரருக்குக் கடினமான வேலை. அங்கே அவர்கள் முழு வலிமையோடு துடுப்பு வலிப்பர். அலையைக் கடந்ததும் பாய் விரிப்பர். பிறகு காற்று கொண்டு செல்லும். தன் வலிமையைத் தேவையான இடத்தில் செலவிட்டு, மற்ற இடத்தில் இயற்கையின் ஆற்றலைப் பயன்படுத்துவதே அவர்கள் கண்ட வழி. இரட்டை உடற்பகுதி கொண்ட படகுகளை உலகம் இன்று அழைக்கும் ‘கேட்டமரான்’ என்னும் பெயர், ‘கட்டுமரம்’ என்னும் நம் சொல்லிலிருந்தே பிறந்தது.

அத்தகைய இரட்டை உடற்பகுதி கொண்ட ‘ஆதித்யா’ என்னும் படகு, 2017 முதல் கேரளத்தின் வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் ஓடுகிறது. 75 பேர் செல்லக்கூடிய இப்படகு, சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தால் இயங்குகிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நீரடி இறக்கையும் மின்மோட்டாரும் கொண்ட பயணிகள் படகு 2024இல் ஓடத் தொடங்கியது. விளையாட்டுப் பலகையில் காணும் அதே அறிவியல் அங்கே மக்களைச் சுமந்தது.

எனினும் எச்சரிக்கை தேவை. சுழலும் விசிறியும் கூரிய இறக்கையும் அருகில் நீந்துவோரைக் காயப்படுத்தும். மின்கலம் சேதமுற்றால் தீப்பற்றக்கூடும். ஆகவே தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, பயிற்சியாளர் துணையுடன், மக்கள் நீந்தாத இடத்திலேயே ஆட வேண்டும்.

மாணவர்களே! புதிய மொழி பேசும் ஊரில் குடியேறிய நமக்கும் தொடக்கம் கடினமே. அங்கே ஒருவர் தரும் சிறு துணை பெரிதாகும். எழுந்து நின்ற பின், நாமே செல்லக் கற்றுக்கொள்வோம்.

சொற்பொருள்

தூக்குவிசை – மேல்நோக்கித் தள்ளும் விசை
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
உந்துதல் – முன்னே தள்ளுதல்
உத்தி – செயலைச் செய்யும் வழிமுறை

இலக்கணம் அறிவோம்

கல் + ஆறு = கல்லாறு. தனிக் குற்றெழுத்தை அடுத்து வரும் மெய், தன்முன் உயிரெழுத்து வந்தால் இரட்டிக்கும்.
கட்டுமரம் – வினைத்தொகை.

மதிப்பீடு

1. சேர்த்து எழுதுக: சொல் + ஆற்றல், மண் + அரிப்பு.
2. பலகை நீரின்மேல் எழுந்த பின் தடை குறைவது ஏன்?
3. இருவகை மின்பலகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. கட்டுமரக்காரரின் உத்தியும் மோட்டார்த் துணையும் எவ்வாறு ஒத்துள்ளன?
5. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் ஊரில் வழங்கும் படகு வகைகளின் பெயர்களைத் தமிழில் தொகுத்து எழுதுக.