வயல் வரை வராத மானியம்

பஞ்சாபில் நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்க விவசாயிக்குக் கிடைப்பது சுமார் மூன்றே வாரம். அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் போதும். சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலைத் தீவனமாக அதிகம் சீந்துவாரில்லை. தஞ்சையில் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு அங்கே தீ வைக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேரும் மாநிலம் அது.

இந்த வைக்கோலை எரிபொருளாக்க அரசு பணம் ஒதுக்காமல் இல்லை. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு 858 கோடி ரூபாய். வைக்கோலை அழுத்தி எரிபொருள் வில்லையாக்கும் பெல்லட் ஆலை அமைத்தால், மணிக்கு ஒரு டன் உற்பத்தித் திறனுக்கு 9 லட்சம் ரூபாய் வீதம், 45 லட்சம் வரை மானியம் என்று அப்போது அறிவித்தார்கள். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு உயிரி எரிபொருளையும் கலந்து எரிக்க வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. ஆலை கட்டக் காசு உண்டு, வாங்க ஆளும் உண்டு. ஆனாலும் வயல் எரிகிறது.

வயலில் இலவசம், ஆலையில் விலை

அறுவடை இயந்திரம் சிதறவிட்டுப் போகும் வைக்கோலை முதலில் அடியோடு வெட்ட வேண்டும். பிறகு வரிசையாகக் கூட்டி, பேலர் இயந்திரத்தில் கட்டுகளாக்கி, டிராக்டரில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டீசல், கூலி, வாடகை. எடை சேரும் முன்பே வண்டி நிறைந்துவிடும் என்பதால், தூரம் கூடக்கூட லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். சில வாரமே ஓடும் பேலருக்குக் கடன் தவணையோ ஆண்டு முழுவதும் கட்ட வேண்டும். ஓராண்டுக்கான சரக்கை மழையும் தீயும் அண்டாமல் அடுக்கிவைக்க ஏக்கர் கணக்கில் இடமும் தேவை.

ஆலைக்கான மூலதன மானியம் ஒருமுறை வரும். எரிபொருள் செலவு தினமும் வரும். ஒரே வட்டாரத்தில் ஆலைகள் பெருகினால் வைக்கோல் விலை ஏறும். வைக்கோலை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலைக்கு ஒப்பந்தத்தில் நிர்ணயித்த மின்கட்டணம் அதே வேகத்தில் ஏறாது. கையைக் கடிக்கத் தொடங்கியதும் ஆலை நிற்கும்.

சரி, எரிபொருளுக்கே நேரடியாகப் பணம் கொடுத்தால்? அமெரிக்கா 2008-ம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் கீழ் அதைச் செய்துபார்த்தது. ஆலை தரும் விலைக்கு ஈடாக, டன்னுக்கு 45 டாலர் வரை சப்ளை செய்வோருக்கு அரசே கொடுத்தது. மரப்பலகைத் தொழிற்சாலைகள் நம்பியிருந்த மரத்தூளும் சீவலும் கொதிகலனுக்குத் திரும்பின. எதிர்ப்பு கிளம்பவே, 2010-ல் விதிகள் மாற்றப்பட்டன. ஏற்கெனவே ஒருவருக்குப் பிழைப்புத் தரும் பொருளுக்கு மானியம் கூடாது என்பதே அங்கே கிடைத்த பாடம்.

நம் அரசும் 2023-ல் ஒரு நல்ல திருத்தம் செய்தது. வைக்கோல் சேகரிக்கும் இயந்திரங்களுக்கான செலவில் 65 சதவீதம் அரசு, 25 சதவீதம் வைக்கோலை வாங்கும் நிறுவனம், 10 சதவீதம் சேகரிப்பவர் என்று பங்கு பிரித்தது. இதை விரிவாக்க வேண்டும். கிராமத்துக்கு அருகிலேயே சேமிப்புக் களம் வேண்டும். டன்னுக்கு என்ன விலை என்பது அறுவடைக்கு முன்பே விவசாயிக்குத் தெரிய வேண்டும். தீக்குச்சியைவிட வைக்கோல் கட்டு லாபம் என்று அவர் கணக்குப் போடும் நாளில்தான் ஆலைகளுக்குக் கொடுத்த கோடிகளுக்கும் பலன் கிடைக்கும்.