அல்சர் மாத்திரை ஏன் சிலருக்குக் கேட்பதில்லை?

காரைக்குடிப் பக்கம் யாராவது வயிறு எரிகிறது என்றால் முதல் பழி மிளகு வறுவல் மேல்தான் விழும். "காரத்தைக் குறை" என்பது எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்லும் வைத்தியம். காரம், இருக்கிற எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு: அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமியே முக்கியக் காரணி என்பதால், எண்டோஸ்கோப்பியில் கிருமி தெரிந்தால் அலட்சியம் கூடாது.

ஆனால் மாத்திரை சாப்பிட்டும் கிருமி சாகாதவர்கள் பலர். ஏன்?

பெரிய காரணம், கிருமிக்கு மருந்து பழகிப்போனதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஐந்து இந்திய நகரங்களில் எடுத்த கிருமிகளைச் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சென்னைக் கிருமிகளில் 88 சதவீதம் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அசையவில்லை. ஐந்து நகரங்களையும் சேர்த்துப் பார்த்தால் கிளாரித்ரோமைசினுக்கு அசையாதவை சுமார் 45 சதவீதம். ஒரு வட்டாரத்தில் இந்த அளவு 15 சதவீதத்தைத் தாண்டினாலே கிளாரித்ரோமைசினை நம்பிய வழக்கமான மூன்று மருந்து முறையைக் கண்ணை மூடிக்கொண்டு தரக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

பழக்கியது நாம்தான். வயிற்றுப்போக்கு வந்தால் சீட்டில்லாமல் மெட்ரோனிடசோல், சளி பிடித்தால் மூன்று நாள் அஜித்ரோமைசின். அஜித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் பெரும்பாலும் அசையாது. ஆகவே மருத்துவர் முன் உட்காரும்போது, முன்பு எந்தெந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். அதை வைத்து அவர் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறைக்கு மாற்றலாம். அதில் போதிய அளவும் நாளும் கிடைத்தால் மெட்ரோனிடசோலுக்கு எதிர்ப்பு இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

அடுத்தது, பாதியில் நிறுத்துவது. பொதுவாக 14 நாள் சிகிச்சை. நான்காம் ஐந்தாம் நாளிலேயே எரிச்சல் அடங்கிவிடும்; வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல் கசக்கும்; பிஸ்மத் சேர்ந்தால் மலம் கறுக்கும். ரத்தமோ என்று பயந்து அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமிகள் அடுத்த முறை இன்னும் முரண்டு பிடிக்கும். இந்தப் பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது மருத்துவரின் கடமை. நான்கு மருந்து முறையில் வரும் டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: வயிற்றில் அமிலம் போதிய அளவு குறையாதது. அமிலம் குறைந்தால்தான் கிருமி பெருகும். பெருகும் கிருமியைத்தான் மூன்று மருந்து முறையில் உள்ள அமாக்ஸிசிலின் கொல்லும். அதனால்தான் சாப்பாட்டுக்கு முன் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை தருகிறார்கள். சிலருடைய கல்லீரல் இதைச் சீக்கிரமே கரைத்துவிடும். அவர்களுக்கு ரேபிபிரசோல் போன்றவை கூடுதலாகக் கைகொடுக்கும். புகைப்பிடிப்பதும் வெற்றியைக் குறைக்கிறது.

எரிச்சல் போனதால் கிருமியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமில மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்றே முடிவு வரலாம். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது, கிருமி ஒழிந்த பிறகும் அது நெடுநாள் இருக்கும். மாத்திரை முடிந்த அன்றே மறுபரிசோதனைக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.