பருப்பு வெந்த பிறகுதான் புளி!

குழந்தைகளே, ராஜபாளையத்தில் எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. சாம்பாருக்குப் பருப்பு குழைய வேண்டும், காய் முக்கால் பதம் வேக வேண்டும். அதன் பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். சின்ன வயதில் ஒருநாள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பருப்பு, முள்ளங்கி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கொதிக்கவிட்டேன். நெடுநேரம் கொதித்தும் பருப்பு முழுசு முழுசாக நின்றது. முள்ளங்கி பல்லில் நறுக்கென்றது. "புளி பட்ட பருப்பு எங்கேயாவது வேகுமா?" என்று கேட்டார் ஆச்சி.

ஏன் வேகாது? விடை தேட முதலில் புளியமரத்தடிக்குப் போவோம்.

மாசி, பங்குனியில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புளி உலுக்குவார்கள். நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வரும். காயாக இருக்கும்போது தோலும் சதையும் ஒட்டியே இருக்கும். பழுக்கும்போது சதை நீரை இழந்து சுருங்கிவிடுகிறது. தோலோ சுருங்காமல் ஓடாகிவிடுகிறது. ஒட்டாமல் வாழ்கிறவர்களைப் 'புளியம்பழமும் ஓடும் போல' என்று சொல்வது இதைப் பார்த்துத்தான்.  

மாங்காய் பழுத்தால் புளிப்பு போய் இனிப்பு வரும். புளியம்பழம் அப்படியில்லை. பழுக்கப் பழுக்க அதில் சர்க்கரை கூடுகிறது. ஆனால் அமிலம் குறைவதில்லை. அந்த அமிலத்தின் பெயர் டார்டாரிக் அமிலம். திராட்சையில் இருப்பதும் இதுவே. 1769-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் வில்லெம் ஷீலே, திராட்சை மது வைத்த பீப்பாயில் படியும் உப்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அமிலம் எவ்வளவு கடுமை என்று சொல்ல பிஎச் என்ற அளவு இருக்கிறது. தூய நீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். பால் 6.7-ஐ ஒட்டி நிற்கும். கெட்டியான புளிக்கரைசல் 3-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

இப்போது சட்டிக்குள் பார்ப்போம். காயும் பருப்பும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்களால் ஆனவை. செங்கல்லுக்கு நடுவே சாந்து பூசுவதுபோல, செல்களுக்கு நடுவே பெக்டின் என்ற பசை இருக்கிறது. வெந்நீரில் இந்தப் பசை கரைந்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். காய் 'வெந்துவிட்டது' என்று நாம் சொல்வது அதைத்தான். நீரில் புளி சேர்ந்தால் பசை எளிதில் கரையாது. சாந்து உறுதியாக இருக்கும்போது சுவர் எப்படி விழும்?

இதை நீங்களே சோதிக்கலாம். அடுப்பருகே பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஓர் உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் வெறும் நீர் 2 டம்ளர், இன்னொன்றில் எலுமிச்சை அளவு புளி கரைத்த நீர் 2 டம்ளர். இரண்டிலும் சமமாகத் துண்டுகளைப் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். எது மசிகிறது, எது எதிர்த்து நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

புளியின் குணம் பாத்திரத்தோடும் பேசும். கார்த்திகைக்கு முன்னால் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள் அல்லவா? விளக்கில் படிந்த கறுப்பு, உலோகம் காற்றோடு சேர்ந்து உண்டானது. அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது, விளக்கு பளிச்சிடுகிறது. அதே அமிலம் சமைக்கும்போது பித்தளையில் உள்ள தாமிரத்தையும் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். அது உடம்புக்கு ஆகாது. அதனால்தான் நம் பாட்டிகள் மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்தார்கள். பித்தளையென்றால் உள்ளே வெள்ளீயம் பூசிய பிறகே அடுப்பில் ஏற்றினார்கள்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா ஊர் அது. பால் காய்ச்சும் சட்டியில் புளி ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? பிஎச் 4.6-ஐ நோக்கி இறங்க இறங்க, பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுவிடும். பால் திரிந்தது என்கிறோமே, அதுதான். ஆகவே பால் சட்டி தனி, புளிச் சட்டி தனி.

பாலுக்குப் பகையான அந்தப் புளிப்பு, கட்டுச்சோற்றுக்குக் காவல். ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பும் நாளில் ஆச்சி முந்தைய இரவே புளிக்காய்ச்சல் வைப்பார். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல், பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளி, மஞ்சள், உப்பு சேர்ப்பார். முதலில் சளசளவென்று கொதிக்கும். நீர் வற்ற வற்றச் சத்தம் மாறி, பெரிய குமிழிகள் தொப், தொப் என்று வெடிக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மிதந்ததும் இறக்குவார். இதில் நான்கு காவலர்கள் இருக்கிறார்கள். புளிப்பில் பல கிருமிகள் வளரத் திணறும். உப்பு, கிருமிகளுக்கு வேண்டிய நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்டக் காய்ச்சியதில் நீரும் குறைந்துவிட்டது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும். ஈரக் கரண்டியைப் போட்டால் மட்டும் காவல் உடையும். நீரும் கிருமியும் உள்ளே போய்விடும்.

ஆச்சி பிஎச் அளந்தவர் அல்ல. ஆனால் எதை முன்னால் போட வேண்டும், எதைப் பின்னால் ஊற்ற வேண்டும் என்று பல தலைமுறைகள் செய்து பார்த்துக் கண்டுபிடித்த முடிவு அவர் கையில் இருந்தது. உங்கள் வீட்டு அடுப்படியிலும் அப்படிப் பல சட்டங்கள் இருக்கும். இந்த வாரம் அம்மாவிடமோ அப்பாவிடமோ பாட்டியிடமோ ஒன்றைக் கேட்டு எழுதி, அதன் கீழே 'ஏன்?' என்று ஒரு கேள்வியும் எழுதுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள்.