சட்டக் கடையில் பிறந்த சித்திரசாலை

இரண்டாம் உலக யுத்தம் மூண்டிராவிட்டால் பம்பாய் நகருக்குக் கெமோல்ட் என்னும் சித்திரசாலை வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த கேக்கூ காந்தி என்ற பார்ஸி இளைஞர், ஊருக்கு வந்திருந்த சமயத்தில் யுத்தம் வெடித்துவிடவே மீண்டும் கப்பலேற இயலாமற் போய், அதே யுத்தத்தினால் தாய்நாடு திரும்ப வழியின்றிப் பம்பாயில் தங்க நேர்ந்த பெல்ஜியர் ஒருவரின் பரிச்சயத்தால், படங்களுக்குச் சட்டம் செய்யும் தொழிலில் இறங்கினார். 1941-இல் கெமோல்ட் சட்டக் கடை பிறந்தது.

சட்டம் போடுகிறவரிடம் படம் வந்துதானே ஆகவேண்டும்? அன்றைய பம்பாயில் புதுமுறையில் எழுதத் துணிந்த ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய படங்களை மாட்டுவதற்குத்தான் சுவர் இல்லை. வீட்டு வேலையும் கார் துடைக்கும் வேலையும் செய்து வயிறு கழுவிய ஆரா, சினிமா விளம்பரப் பலகைகளுக்கு வர்ணம் தீட்டிய ஹுசேன், இவர்களோடு சூஸா, ரஸா, காடே, பாக்ரே ஆகியோரும் சேர்ந்து 1947-இல் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தபோது, அவர்களை முதலில் இனங்கண்டு ஆதரித்தவர்களில் ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த சிலர் முக்கியமானவர்கள். ஓவியரான லாங்காமரும், பத்திரிகையில் விமரிசனம் எழுதிய ஃபான் லேய்டனும், மருந்துத் தொழில் நடத்திய ஷ்லெஸிங்கரும் அந்த இளைஞர்களுக்குப் படிப்பும் ஊக்கமும் பணமும் தந்தார்கள். கேக்கூ காந்தியோ தமது கடையிலேயே அவர்களுடைய படங்களை மாட்டிவைத்தார்; சட்டம் வாங்க வந்தவர்கள், தாம் கேட்டு வராத ஒன்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

1952-இல் சர் காவஸ்ஜி ஜஹாங்கீரின் தர்மத்தால் காலா கோடாவில் ஜஹாங்கீர் ஓவியக்கூடம் எழுந்தது. இங்கே வாசகர்கள் ஒரு வித்தியாசத்தை மனத்திற் கொள்ளுதல் நலம். ஜஹாங்கீரின் மண்டபங்கள், ஓவியர் வாடகை கொடுத்து ஒரு வார காலத்துக்கு எடுத்துக்கொண்டு தம் படங்களைத் தாமே மாட்டி, தாமே விற்றுக்கொள்ளும் இடங்கள். அந்த ஒரு வாரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இதனால் புகழில்லாதவருக்கும் வாசல் திறந்திருக்கிறது என்பது பெரிய நன்மை. ஆனால் வாரம் முடிந்ததும் அவர் தனியர். இன்னொரு வகைச் சித்திரசாலையோ, தான் நம்பும் ஓவியரைத் தானே தேர்ந்தெடுத்து, கண்காட்சி நடத்தி, விற்ற தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, விற்காத வருஷங்களிலும் அவரைக் கைவிடாமல் அடுத்த கண்காட்சிக்கும் அழைக்கிறது. 1963-இல் அதே ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியில், ஒரு சிறிய அறையில், கேக்கூவும் அவர் மனைவி குர்ஷீதும் தொடங்கிய கெமோல்ட் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கீழே வாடகை மண்டபம், மேலே தேர்ந்தெடுக்கும் அறை. ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டும் இருந்தது பம்பாயின் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

தேர்ந்தெடுப்பதில் அவர்கள் காட்டிய துணிவுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1965-இல் அவர்கள் காட்டிய பூபேன் கக்கர், கணக்கர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓவியம் எழுதியவர். பஜாரில் விற்கும் சுவாமி படங்களை வெட்டி ஒட்டி அவர் ஆக்கிய சித்திரங்கள் கண்ணியமான ரசிகர்களுக்கு அருவருப்பூட்டக்கூடியவை. பிற்காலத்தில் கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் நாவிதரையும் மரியாதையோடு பெரிய படங்களில் அமர்த்தியவர் அவரே. பத்து வருஷங்கள் கழித்து, 1975-இல், தாணே மாவட்டத்து வார்லி ஆதிவாசியான ஜிவ்யா ஸோமா மஷேயின் படங்கள் அங்கே மாட்டப்பட்டன. கல்யாண காலங்களில் குடிசையின் மண் சுவரில் அரிசி மாவினால் பெண்கள் எழுதிவந்த உருவங்கள், வட்டமும் முக்கோணமுமாய்க் காகிதத்திற்கு இறங்கி, நகரத்து ஓவியருக்குச் சமதையாக, எழுதியவரின் பெயரோடு நின்றன. கைவினைப் பொருளென்று கண்காட்சிக் கடையொன்றில் அடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்?

என் உள்ளத்தை எல்லாவற்றிலும் அதிகமாகக் கவர்வது 1992-இல் நிகழ்ந்தது. ஓவியர் நளினி மலானி அவ்வருஷம் கெமோல்டில் படம் எதையும் மாட்டவில்லை. அறையின் சுவர்களிலேயே நேராக, இந்நகரத்துச் சாமானிய ஜனங்களின் உருவங்களை எழுதினார். வந்தவர்கள் ஓவியத்தைப் பார்த்தார்கள் என்பதைவிட ஓவியத்துக்குள் நின்றார்கள் என்பதே பொருந்தும். ராஜஸ்தானத்து நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரற்று அழிந்துகொண்டிருந்ததைக் குறித்த அவருடைய துயரமும் அதில் கலந்திருந்தது. பதினைந்து நாள் கழிந்ததும் அத்தனையும் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தக் கண்காட்சிக்கு, விற்பனையால் வாழும் ஸ்தாபனம் ஒன்று தன் சுவர்கள் முழுவதையும் ஒப்புக்கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஓவியச் சந்தை என்ற ஒன்று மட்டுமே நகரத்தில் இருந்திருந்தால் இந்தக் காரியம் நடந்திராது. ஓவியர் கேட்டதும் சரியென்று சொல்ல ஒருவர் இருந்ததனால் நடந்தது.

1988 முதல் கேக்கூ, குர்ஷீது தம்பதியின் மகள் ஷிரீன் காந்தி பொறுப்பேற்று நடத்தும் கெமோல்ட், 2007-இல் மாடியறையை விட்டுக் கோட்டைப் பகுதியின் பிரெஸ்காட் சாலையிலுள்ள விசாலமான கூடத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்று அங்கே தொங்கும் படங்களின் விலை நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாதது; அது உண்மை. ஆனால் அந்த விலையைக் காரணம் காட்டி வாசலோடு திரும்பிவிடுவது வீண் கூச்சம். பம்பாய் செல்லும் தமிழர்கள், கடற்கரையையும் சினிமா நக்ஷத்திரங்களின் வீடுகளையும் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் ஒரு பிற்பகலை இதற்குத் தரவேண்டும் என்பது என் விண்ணப்பம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கும் உத்தேசம் இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. படம் விளங்கவில்லையென்றால் மேஜையருகே இருப்பவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.