டிக்கிக்குள் ஒரு கடம்

போர்ட் வைத்த சப்வூஃபர் பெட்டியில் ஒலி இரண்டு வழியாக வருகிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்புறம் தள்ளும் காற்று ஒன்று. கூம்பின் பின்புற அழுத்தத்தால் போர்ட் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஆடும் காற்றுத்தூண் மற்றொன்று. பெட்டிக்குள் அடைபட்ட காற்று வில்லாகவும் குழாய்க்குள் நிற்கும் காற்று எடையாகவும் வேலை செய்ய, இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பலமாக ஆடும். அதுவே பெட்டியின் சுருதி. மானாமதுரைக் கடமும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அடிநாதத்தை மாற்றும்போது, திறப்பின் அளவைத்தான் மாற்றுகிறார்.

சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: பெட்டியின் நிகரக் கொள்ளளவு, குழாயின் குறுக்குப் பரப்பு, குழாயின் நீளம். 12 அங்குல ஸ்பீக்கருக்கு 50 லிட்டர் பெட்டி, 33 ஹெர்ட்ஸ் சுருதி, 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் என்று வைத்துக்கொண்டால் குழாயின் நீளம் சுமார் 36 செ.மீ. வரும். ஆம்ப்ளிஃபையரின் பலம் கூடினால் இந்தக் குழாய் போதாது. காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டரை வெகுவாகத் தாண்டினால் போர்ட் ஊதத் தொடங்கும். சரி, 15 செ.மீ. குழாய் போடலாம் என்றால் அதே சுருதிக்கு நீளம் 86 செ.மீ. ஆகிவிடுகிறது. அதன் உட்புறம் மட்டுமே 15 லிட்டர். இதனால்தான் பெரிய பெட்டிகளில் வட்டக் குழாயை விட்டுவிட்டு, பலகையையே சுவராக வைத்து மடித்த நீள்சதுர போர்ட் அடிக்கிறார்கள்.

நிகரக் கொள்ளளவு என்ற சொல்லில்தான் பெரும்பாலான பெட்டிகள் தோற்கின்றன. ஸ்பீக்கரின் காந்தம், குழாய், உள்ளே கொடுக்கும் முட்டுக்கட்டை எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்ளும். 50 லிட்டர் நிகரமாக வேண்டுமென்றால் உள்ளளவு 58 லிட்டரை ஒட்டி இருக்க வேண்டும். 60 × 32 × 30 செ.மீ. என்பது ஏறத்தாழ அந்தக் கணக்கு. கடையில் கிடைக்கும் ரெடிமேட் பெட்டி டிக்கியில் அடங்கும்படி செய்யப்பட்டது, ஸ்பீக்கரைப் பார்த்து அளவெடுத்தது அல்ல. அதே குழாயை 35 லிட்டர் பெட்டியில் பொருத்தினால் சுருதி 33லிருந்து 39 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குழாயையும் குட்டையாக்கினால் 45ஐத் தாண்டும்.

சுருதி ஏறுவது வெறும் ரசனைக் கோளாறு அல்ல. சுருதி அதிர்வெண்ணில் கூம்பு மிகக் குறைவாக அசையும், குழாய்தான் உழைக்கும். அதற்குக் கீழே குழாயின் ஒலி கூம்பின் ஒலியை எதிர்த்து அடிக்கிறது. ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிய, கூம்போ பிடிமானமற்று ஆடும். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இன்றைய திரைப்பாடல்களின் எலக்ட்ரானிக் பேஸ் அதற்கும் கீழே இறங்குகிறது. 45 ஹெர்ட்ஸ் பெட்டியில் இவை ஒலியாகாமல் கூம்பைக் கிழிக்கும் ஆட்டமாகின்றன. சுருதிக்குச் சற்றுக் கீழே, அதனினும் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் வைக்காத போர்ட் பெட்டியை முடிந்த வேலையாகவே கருதக் கூடாது. மூடிய பெட்டியே துல்லியம் என்று வாதிடுவோரும் உண்டு; கூம்பின் ஆட்டம் எவ்வளவு தணிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் க்யூடிஎஸ் மதிப்பு 0.5க்கு மேலுள்ள ஸ்பீக்கருக்கு அது பொருந்தும்.

சென்னை வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 20 டிகிரியில் 33 ஹெர்ட்ஸாக இருக்கும் பெட்டி, வெயிலில் நின்று உள்ளே 60 டிகிரி ஏறிய காரில் 35ஐத் தொடும். சூட்டில் ஒலி வேகமாகப் பயணிப்பதே காரணம். கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் எம்.டி.எஃப். பலகையின் வெட்டுமுனை ஈரம் குடித்து உப்பும். முனைகளுக்கு சீலர் அடிப்பது அவசியம். பிளைவுட் என்றால் இன்னும் நல்லது.

கார் என்பது சிறிய அறை. 2.7 மீட்டர் நீள உட்புறத்தில் ஏறத்தாழ 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பேஸைத் தூக்கிக்கொடுக்கும். கண்ணாடியை ஏற்றி வைத்திருக்கும்வரை, 32 முதல் 35 ஹெர்ட்ஸுக்குள் சுருதி வைத்த பெட்டிக்கு அதிக வாட்டேஜ் தேவைப்படாததன் காரணம் இதுதான். கதவைத் திறந்துவிட்டால் அந்த உதவி போய்விடும். வால்யூமைத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியது தெருவுக்குப் போகும்.

எலியட்ஸ் கடற்கரைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் இடையே இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இது வீட்டுக்குள் வரும் விஷயம். 2015இல் தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழா கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் இங்கே ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. ஒலியை வெறுக்கும் ஊர் அல்ல இது. ஆனால் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் முன்னிரவிலேயே உறங்கியாக வேண்டும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 மீட்டர், கூரை ஓடும் தகரமும் மெல்லிய சுவரும் அதற்குத் தடையே இல்லை. தகரம் சேர்ந்து அதிரத்தான் செய்யும்.

சட்டம் இதை அளக்கும் முறைதான் பெருங்கவலை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. இரண்டும் ஏ எடையிட்ட அளவுகள், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் அதிர்வெண்களைக் குறைத்து எண்ணுபவை. அந்த எடையிடல் 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிடும். படுக்கையறையை அதிரவைக்கும் 80 டெசிபல் பேஸ், மீட்டரில் ஏறத்தாழ 45 என்று காட்டும். இரவு வரம்பை ஒட்டி அமைதியாக நிற்கும். அதே கருவியில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி எடைக்கு மாற்றினால் 78 காட்டும். கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்துவோர் பெட்டியோடு டாஷ்போர்டில் தனி பேஸ் குமிழ் ஒன்றும் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்குமுன் அதை இறக்கிவிடலாம். அளக்க வருவோர் சி எடையிலும் ஒருமுறை அளந்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைக்க வேண்டும்.